வயது சொல்லாததைச் சோதனை சொல்லும்: பழைய மோட்டார் சைக்கிளின் தகுதியும் நம்பகமும்

சென்னை திருவொற்றியூரில் இயங்கிவந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1977 இல் தன் புல்லட் 350 வண்டிகளைப் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே தயாரான வண்டிகளில் ஒன்று பிரிட்டனிலும், ஒன்று சென்னையிலும், ஒன்று தில்லியிலும் இன்னும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அடிப்படையில் மூன்றும் ஒரே வண்டி. ஆனால் சட்டம் மூன்றையும் மூன்று விதமாக நடத்துகிறது. பிரிட்டனில் உள்ள வண்டி நாற்பது வயதைக் கடந்துவிட்டதால், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வரை, அதற்கு ஆண்டுச் சோதனையே கிடையாது. சென்னை வண்டியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தில்லி வண்டியின் மேல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 இல் விதித்து, உச்ச நீதிமன்றம் 2018 இல் உறுதிசெய்த தடை விழுந்தது. வயதானதால் ஒன்றுக்குச் சலுகை, வயதானதாலேயே இன்னொன்றுக்குத் தண்டனை. இந்த இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் வண்டியின் பிரேக்கையோ டயரையோ பார்க்கத் தேவைப்படவில்லை. பழைய மோட்டார் சைக்கிளைச் சாலையில் விடலாமா, அதை நம்பி ஏறலாமா என்ற கேள்விக்கு வயது விடையாகாது. முறையாகச் செய்து, எழுதி வைத்து, தொடர்ந்து படிக்கப்படும் சோதனை முடிவுகளே விடையாகும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வாகனச் சோதனையின் வரலாறே இந்த வாதத்துக்கு முதல் சான்று. பிரிட்டனில் எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1960 இல், பொதுவாக எம்.ஓ.டி. என்று வழங்கும் சோதனை அறிமுகமானது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றை மட்டும் பார்த்த அந்தச் சோதனை பத்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கே என்று முதலில் வரையறுக்கப்பட்டது. பத்து ஆண்டுவரை வண்டி ஒழுங்காக இருக்கும் என்பது அன்றைய அனுமானம். சோதனைக்கு வந்த வண்டிகள் ஏராளமாகத் தோற்கவே, மறு ஆண்டே வரம்பு ஏழு ஆண்டுகளாகவும், 1967 இல் மூன்று ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டது. வயதை வைத்துப் போட்ட கணக்கை முடிவுகள் வந்து திருத்தின. பிறகு அதே நாடு எதிர்த்திசையில் நடந்தது. 2012 நவம்பரில் 1960க்கு முன் தயாரான வண்டிகளுக்கும், 2018 மே மாதத்தில் நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கும் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. ஜெர்மனி அப்படிச் செய்யவில்லை. அங்கே முப்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 1997 முதல் 'ஹெச்' என்ற எழுத்துடன் தனி எண் பலகை தருகிறார்கள். அந்தத் தகுதி பெற்ற வண்டியும் மற்ற வண்டிகளைப் போலவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வந்தாக வேண்டும். பழமைக்கு மதிப்பு தருவது வேறு, பார்வையிலிருந்து விடுவிப்பது வேறு என்று அந்நாடு பிரித்து வைத்திருக்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கான சோதனை உண்மையில் எதைப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்புகிறார்கள். நடுவில் ஓரிடத்தில் லேசாகப் பிடித்து விடுவித்தால், ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன்செட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டொக்' என்று அடித்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றி விட்டு ரிம்மில் கோணல் இருக்கிறதா, ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கிறதா, டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் தேய்மானத்தை அறிகிறார்கள். செயினின் தொய்வு, ஸ்ப்ராக்கெட் பற்கள், பெட்ரோல் கசிவு, விளக்குகள், ஹாரன் என்று பட்டியல் நீள்கிறது. பிரேக்குக்கு மட்டும் எண் உண்டு. இரண்டு பிரேக்குகளில் ஒன்றின் செயல்திறன் குறைந்தது 30 சதவீதமும் மற்றதன் செயல்திறன் 25 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது பிரிட்டன் விதி. டயரின் அகலத்தில் முக்கால் பங்குக்கு ஒரு மில்லிமீட்டர் பள்ளமாவது மிஞ்சியிருக்க வேண்டும். இந்தச் சோதனை தொடாத இடங்களும் தெளிவானவை. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை எம்.ஓ.டி. மதிப்பிடுவதில்லை. காலையில் தேர்ச்சி பெற்ற வண்டி மாலையில் இன்ஜினின் பிக் எண்ட் பேரிங் போய் நடுவழியில் நின்றால், சோதனை தவறிழைத்தது என்று சொல்ல முடியாது.

இங்கேதான் தகுதி, நம்பகம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டி நின்றுபோவது நம்பகக் குறைவு. வண்டியை நிறுத்த முடியாமல் போவது தகுதிக் குறைவு. வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய புல்லட்டில் அடிக்கடி தொல்லை தருபவை எவை என்று அந்த வண்டியோடு பழகியவர்களுக்குத் தெரியும். சிபி பாயின்ட் கரிந்துபோகும்; டேப்பெட் இடைவெளி மாறும்; ஆயில் ஒழுகும்; அழுக்கு ஆயிலோடு ஓட்டினால் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் சுழலும் புஷ் தேய்ந்து இன்ஜின் தட்டத் தொடங்கும். இவற்றில் பெரும்பாலானவை வழியில் நிறுத்துபவை, செலவு வைப்பவை. ஆளைச் சாய்ப்பவை அரிது. சாய்ப்பவை வேறிடத்தில் இருக்கின்றன: சிறிய முன் டிரம்மில் கண்ணாடிபோல் வழவழத்துப்போன லைனிங், இழை பிரிந்த பிரேக் கேபிள், தளர்ந்த கோன்செட், கெட்டித்துப்போன டயர். ஓட்டுபவருக்கு எரிச்சல் தரும் கோளாறுகள் தாமாகவே பட்டறைக்கு வந்து சேரும். உயிருக்கு ஆபத்தான கோளாறுகள் சத்தமில்லாமல் வளரும். சிறிது சிறிதாகக் குறையும் பிரேக்குக்குக் கையும் காலும் தாமாகப் பழகிவிடும். ஆகவே, 'என் வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, பத்து ஆண்டாக நின்றதில்லை' என்று உரிமையாளர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். அது தகுதிக்குச் சான்றாகாது. சோதனையில் தேர்ந்தது நம்பகத்துக்குச் சான்றாகாது என்பதும் அதே அளவு உண்மை.

அப்படியானால் வயதுக்கும் கோளாறுக்கும் உறவே இல்லையா? உண்டு, ஆனால் பொதுவாக நினைப்பதுபோல் அது நேர்கோட்டு உறவில்லை. இதைப் பற்றிய மிக ஆழமான ஆய்வு விமானத் துறையிலிருந்து வந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978 இல் எழுதிய அறிக்கையில், தாங்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் 11 சதவீதம் மட்டுமே வயது கூடக் கூடக் கோளாறு கூடும் போக்கைக் காட்டின என்று கண்டார்கள். 68 சதவீத உறுப்புகளில், புதிதாகப் பொருத்திய தொடக்க காலத்தில்தான் கோளாறு மிகுதியாக இருந்தது. பழைய மோட்டார் சைக்கிளை முழுவதும் பிரித்துப் புதுப்பித்தவர்கள் இந்த முடிவைக் கண்டு வியக்கமாட்டார்கள். புதுப்பித்த முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் நட்டு கழல்வதும், புதிய சீல் ஒழுகுவதும், தரமற்ற மாற்று உதிரிபாகம் பல்லிளிப்பதும் சாதாரணம். 'அக்கக்காகப் பிரித்து மாட்டியாயிற்று, இனிக் கவலையில்லை' என்ற நம்பிக்கைக்கு அந்த அறிக்கை இடம் தருவதில்லை. ஆனால் அதை இங்கே அப்படியே பொருத்தவும் கூடாது. சிக்கலான மின்னணு உறுப்புகளும் பல நூறு பாகங்கள் சேர்ந்த அமைப்புகளும்தான் வயதுக்குக் கட்டுப்படாமல் நடந்துகொள்கின்றன. டயர், பிரேக் லைனிங், செயின், புஷ் போன்ற எளிய உறுப்புகள் தேய்ந்தே கெடுகின்றன. அந்தத் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் அசைத்து உணரலாம், கருவியால் அளக்கலாம். பழைய மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ முழுக்க இத்தகைய உறுப்புகளால் ஆனது. அதனால்தான், மென்பொருளும் சென்சாரும் நிறைந்த இன்றைய வண்டியைவிட அன்றைய வண்டியைச் சோதனையால் அதிகம் பேச வைக்க முடிகிறது. தவிர, ஐம்பது வயது வண்டியில் ஐம்பது வயது ஆனவை சட்டகமும் இன்ஜின் உறையும் இன்னும் சிலவுமே. டயருக்கு மூன்று வயது இருக்கலாம், கேபிளுக்கு இருபது வயது இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டு இவற்றில் எதன் வயதையும் சொல்வதில்லை.

சோதனையின் உண்மையான மதிப்பு தனிச் சான்றிதழில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஒரு நாள் எடுத்த ரத்த அழுத்தக் குறிப்பைவிடப் பத்து ஆண்டுக் குறிப்புகள் மருத்துவருக்கு அதிகம் சொல்வதைப் போன்றதுதான் இது. பிரிட்டனில் எம்.ஓ.டி. முடிவுகள் கணினிமயமான பிறகு, வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்து அதன் பழைய முடிவுகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையின் தேதி, ஓடோமீட்டர் காட்டிய தூரம், தேர்வா தோல்வியா, தோல்வி என்றால் எதனால், தேர்ந்தாலும் எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்பன அதில் வரும். 2018 முதல் குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்றும் தரம்பிரிக்கிறார்கள். இந்த வரிசையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது வண்டியின் கதையையே சொல்லும். எடுத்துக்காட்டாக, ஒரு வண்டி மூன்று ஆண்டும் தேர்ச்சி பெற்று, மூன்று ஆண்டும் 'முன் பிரேக் வலு குறைந்துவருகிறது' என்ற குறிப்பைப் பெற்றிருந்தால், உரிமையாளர் சான்றிதழை வாங்கிக்கொண்டு அறிவுரையை விட்டுவிட்டார் என்று அறியலாம். ஒரு முறை சக்கர பேரிங்கில் தோற்று, மறுவாரமே சரிசெய்து தேர்ந்து, அடுத்த ஆண்டுகளில் குறிப்பே இல்லாமல் வந்த வண்டியின் வரலாற்றில் ஒரு தோல்வி இருக்கிறது; ஆனாலும் இரண்டில் நம்பத்தக்கது அதுவே. ஐந்து ஆண்டுகளில் இருநூறு மைல்தான் ஓடியிருக்கிறது என்று ஓடோமீட்டர் காட்டினால், தேய்மானம் குறைவு என்று மகிழ்வதற்கு முன் டயரும் பெட்ரோல் குழாயும் எத்தனை பழையவை என்று கேட்க வேண்டும். இப்படிப் படிக்கும்போது, இன்ஜினைத் தொடாத சோதனையும் நம்பகத்தைப் பற்றி மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. பழைய வண்டியின் நம்பகம் பெரும்பாலும் பராமரிப்பவரின் பழக்கம்தான். பிரேக் கேபிளைக் கவனிப்பவர் ஆயிலையும் காலத்தில் மாற்றுபவராகவே பெரும்பாலும் இருப்பார்.

விலக்கை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. 2012 இல் பிரிட்டன் அரசு முன்வைத்த எண்கள் இவை: 1960க்கு முன் தயாரான வாகனங்கள் மொத்த வாகனங்களில் ஏறத்தாழ 0.6 சதவீதம், விபத்துகளில் அவற்றின் பங்கு 0.03 சதவீதம், அவற்றின் உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்டுக்கு 500 மைலுக்கும் குறைவாகவே ஓட்டுகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் இது தீர்ப்பாகவே தெரியும். ஆனால் இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். விபத்துப் பங்கு, வாகனப் பங்கில் இருபதில் ஒன்று. அக்காலத்தில் பிரிட்டனில் ஒரு கார் சராசரியாக ஆண்டுக்கு ஓடிய தூரம் ஏறத்தாழ 8,000 மைல். 500 மைல் என்பது அதில் பதினாறில் ஒன்று. அதாவது, விபத்து குறைந்ததில் பெரும்பகுதியைக் குறைவாக ஓடியதே விளக்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கினர் கூடுதலாக ஓட்டினார்கள் என்பதைச் சேர்த்தால் கணக்கு பழைய வண்டிகளுக்குச் சாதகமாகத் திரும்பும், அதை மறுக்கவில்லை. அவர்கள் கவனமாக ஓட்டுபவர்கள், வண்டியைப் பிள்ளைபோல் பார்ப்பவர்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் அடிப்படையான குறை ஒன்று அந்த வாதத்தில் இருக்கிறது. 0.03 என்ற எண், அந்த வண்டிகள் அனைத்தும் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட்டிருந்த காலத்தில் திரட்டியது. சோதனை இருந்தபோது கிடைத்த நல்ல விளைவைச் சோதனை தேவையில்லை என்பதற்குச் சான்றாக்கினார்கள். விலக்கு வந்த பிறகு அந்த வண்டிகள் எப்படி இருக்கின்றன என்று காட்டும் முழுமையான முடிவுப் பதிவு இல்லாமல் போய்விட்டது என்பதுதான் இதில் பெரிய இழப்பு. விலக்குப் பெற்ற வண்டியும் தகுதியோடு இருக்க வேண்டும், ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்?

'குறைவாக ஓடுவது பாதுகாப்பு' என்ற நம்பிக்கையே பழைய வண்டிகளுக்குப் பொருந்தாதது. ரப்பர் ஓடாமலே கெடும். பள்ளம் முழுமையாக இருக்கும் டயர் உள்ளே கெட்டித்து, ஈரச்சாலையில் பிடிப்பற்றுப் போகும். டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. பழைய வண்டியில் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். லாரிகளின், பேருந்துகளின் முன் அச்சில் பத்து ஆண்டு கடந்த டயர் கூடாது என்று பிரிட்டனே 2021 இல் தடை விதித்தது. ஆனால் ஓடாமல் கொட்டகையில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் டயரைப் பார்க்கச் சொல்ல அங்கே ஆளில்லை. எரிபொருளும் மாறிவிட்டது. 2021 செப்டம்பர் முதல் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே பிரிட்டனில் பொதுவான பெட்ரோல். பழைய வண்டிகளுக்கு ஐந்து சதவீதக் கலப்பே ஏற்றது என்று அரசே அறிவுறுத்துகிறது. இந்தியாவில் கலப்பு இருபது சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்படாத ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இதனால் இளகியோ வெடித்தோ போகலாம். சூடான இன்ஜினுக்கு மேலே கசியும் பெட்ரோல் தீவிபத்துக்கு வழி. நாற்பது ஆண்டு சிக்கலின்றி ஓடிய வண்டி என்ற பெருமை, நேற்று மாறிய எரிபொருளிடம் செல்லாது.

இன்னொரு ஆட்சேபம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இன்றைய சோதனையாளர்களுக்குப் பழைய வண்டி தெரியாது. இன்றைய அளவுகோலை வைத்தால் எந்தப் பழைய வண்டியும் தேறாது என்பது அது. நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு விடை சோதனை முறைக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டன் விதிப்படி 1986 ஆகஸ்டுக்கு முன் பயன்பாட்டுக்கு வந்த மோட்டார் சைக்கிளுக்கு இண்டிகேட்டர் கட்டாயமில்லை; விளக்கே இல்லாத வண்டிக்குப் பகலில் மட்டும் ஓட்டலாம் என்ற நிபந்தனையோடு சான்று தரவும் வழியுண்டு. இந்தியாவிலும் 2000க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்குப் புகைச் சோதனையில் 4.5 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதி. பிந்தைய வண்டிகளுக்கு இறுக்கமான வரம்பு. வண்டி பிறந்த காலத்தின் அளவுகோலை வைத்து, அந்த அளவுக்கு இன்றும் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. 1970களின் டிரம் பிரேக்கிடம் இன்றைய டிஸ்க் பிரேக்கின் வேலையை எவரும் கேட்கவில்லை. அது தயாரானபோது நிறுத்திய தூரத்தில் இன்றும் நிறுத்த வேண்டும் என்பதே கோரிக்கை. பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றங்களை இந்த முறை தண்டிக்கக் கூடாது என்பதும் இதிலிருந்து பெறப்படும். ஆறு வோல்ட் விளக்கைப் பன்னிரண்டு வோல்ட்டாக்கியதற்காகவோ, வலுவான முன் பிரேக் போட்டதற்காகவோ ஒரு வண்டி தன் தொன்மைத் தகுதியை இழந்தால், அசலாக இருப்பதை உயிர்ப் பாதுகாப்புக்கு மேலாக வைத்தவர்களாவோம்.

இந்தியாவின் குறை எதிர்முனையில் இருக்கிறது. 2021 இல் அறிவித்த வாகன அழிப்புக் கொள்கை, தகுதிச் சோதனையில் தேறாத வண்டியே ஆயுள் முடிந்தது என்ற சரியான அடிப்படையில் எழுந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகள் வயதையே குறிவைக்கின்றன. மோட்டார் சைக்கிள் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 இல் 2,000 ரூபாயாகவும் ஏறியது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிய 2021 விதிகளின்படி 20,000 ரூபாய்; அப்படிப் பதிந்ததை அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கவும் கூடாது. கட்டணம் ஏறிய அளவுக்குச் சோதனையின் தரம் ஏறியதாகத் தெரியவில்லை. எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனையைக் காட்டி முடித்த வண்டியைப் பற்றி எம்.பரிவாகன் செயலியில் பார்த்தால் எந்தத் தேதிவரை செல்லும் என்பது தெரியும். பிரேக் எத்தனை சதவீதம், எந்தக் குறையைத் திருத்தச் சொன்னார்கள் என்பது தெரியாது. பழைய வண்டி வாங்குபவருக்கு உண்மையில் வேண்டிய தகவல் இரண்டாவதுதான். காற்று மாசை முன்வைப்பவர்களுக்கும் இதுவே விடை. தில்லியின் காற்று கெட்டிருப்பதும், பழைய இன்ஜின்கள் கிலோமீட்டர் கணக்கில் அதிகம் உமிழ்வதும் உண்மை. ஆனால் தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓடும் பதினாறு வயது வண்டியையும், மாதம் ஒருமுறை வெளியே வரும் ஐம்பது வயது வண்டியையும் ஒரே கோட்டில் நிறுத்துவது மாசைக் குறைக்கும் கணக்காகாது. உமிழ்வை அளந்து, ஓடிய தூரத்தோடு பெருக்கிப் பார்ப்பதே கணக்கு. இரண்டையும் அளக்க வேண்டிய இடம் சோதனை நிலையம்.

பெரும்பாலான விபத்துகளுக்கு ஓட்டுபவரின் பிழையே காரணம், வாகனக் கோளாறின் பங்கு சிறிது. அதற்காக இத்தனை ஏற்பாடு வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. பங்கு சிறிது என்பதை ஏற்கலாம். ஆனால் இந்தியச் சாலைகளில் இறப்பவர்களில் இருசக்கர வண்டியில் சென்றவர்களே 2022 இல் ஏறத்தாழ 44 சதவீதம். அந்தப் பெருந்தொகையில் சிறு பங்கும் பல குடும்பங்களின் துயரம். இரண்டு சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு முன் டயரோ முன் பிரேக்கோ கைவிட்டால் சமாளிக்க இடமே இல்லை. செலவும் தாங்க முடியாததில்லை. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் சோதனைக்கு வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 29.65 பவுண்டு, ஒரு நல்ல டயரின் விலையைவிடக் குறைவு.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள் எத்தனை வயதானாலும் சோதனைக்கு வரட்டும். குறைவாக ஓடும் வண்டிக்கு ஜெர்மனியைப் போல இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதன் காலத்து அளவுகோலைக் கொண்டே அளக்கட்டும். ஆனால் பிரேக்கை எண்ணால் அளக்கட்டும், டயரின் தயாரிப்பு ஆண்டைப் பதியட்டும், பெட்ரோல் குழாயைப் பார்க்கட்டும். தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டோடு நிறுத்தாமல், கவனிக்கச் சொன்ன குறிப்புகளையும் ஓடிய தூரத்தையும் எழுதி, வாங்குபவரும் ஓட்டுபவரும் படிக்கும்படி வெளியிடட்டும். தேறிய வண்டியை எந்த ஊரும் வயதைச் சொல்லித் தடுக்க வேண்டாம். தேறாத வண்டியை எந்த நாடும் பழமையைச் சொல்லி விட்டுவிட வேண்டாம். பழைய வண்டிகளை நேசிப்பவர்கள் சோதனையைத் தொல்லையாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். பிரிட்டனில் விலக்குப் பெற்ற வண்டியையும் விரும்பினால் சோதனைக்குக் கொண்டுபோகலாம்; அங்கே அக்கறையுள்ள உரிமையாளர் செய்ய வேண்டியதும் அதுவே. தன் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்பும் ஒருவருக்கு, அதை ஆண்டு வாரியாக நிரூபிக்கும் பதிவைவிட வலுவான ஆதரவு வேறில்லை. வயதைக் காரணம் காட்டி நாளை ஒரு தடை வருமானால், அதற்கு எதிராக நீதிமன்றத்தில் வைக்கக்கூடிய சான்றும் அதுவாகவே இருக்கும்.